பெட்ரோல் வாடை

ஜூன் 6, திங்கள்

சாரல் ஆரம்பித்துவிட்டது. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. தென்காசியில் இந்தச் சாரலுக்குக் குடை பிடிக்கிறவனை வெளியூர்க்காரன் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

கடையத்திலிருந்து ஆறுமுகநயினார் வந்திருந்தார். மகளுக்கு 23-ஆம் தேதி கல்யாணம். அன்று இரண்டு வேளைப் பந்தி. மறுநாள் மதியம் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து.

"சம்பந்தி வீடு மெட்ராசு, மாஸ்டர். தேங்காப்பால் சொதின்னா குத்தாலலிங்கம் கை வச்சாத்தான்னு யாரோ சொல்லி அனுப்பிருக்காங்க. இப்பவே போன்ல கேக்காங்க" என்றார்.

என் பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் என் மனைவி செண்பகம் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "பண்ணிருவோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொல்கிறாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பந்தி வேலைக்கும் கூட வராதவள், மாசி மாதத்திலிருந்து ஒன்று விடாமல் வருகிறாள். கேட்டால், வீட்டில் பொழுது போகவில்லையாம்.

விளக்கு வைக்கும் நேரம் வாசலுக்குப் போய்விட்டு வந்து, "வேன்ல பெட்ரோல் வாடை அடிக்கி" என்றாள். போய் நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஜூன் 7, செவ்வாய்

இன்றும் அதையே சொன்னாள். "மழைக்கு எல்லா வாடையும் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஜூன் 8, புதன்

இலஞ்சியில் ஒரு வளைகாப்பு. சித்ரான்னம் ஏழு வகை. வேனில் இரண்டு சிலிண்டர், இரண்டு பெரிய அடுப்பு, அண்டா குண்டா எல்லாம். முன்னால் நானும் செண்பகமும். பின்னால் பாத்திரங்களுக்கு நடுவில் இசக்கிமுத்து. பதினான்கு வருடமாக எனக்குக் கையாளாக இருக்கிறான். இப்போது நான் இல்லாமலே தனியாக நூறு பேருக்குச் சமைப்பான், ஆனால் போகமாட்டேன் என்கிறான்.

புளியோதரைக்குத் தாளிக்கும்போது செண்பகம் பக்கத்தில் நின்று, "போதும், எறக்குங்க" என்றாள். கடுகு வெடித்து அடங்கும் சத்தம் எனக்குக் கேட்காதா? கேட்டது. வற்றலின் நிறமும் தெரிந்தது. இறக்கத்தான் போனேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

வேலை முடிந்து சாமான் ஏற்றும்போது இசக்கி வேனுக்குப் பக்கத்தில் நின்று பீடியை வாயில் வைத்தான். தீப்பெட்டியை உரசுவதற்குள் செண்பகம் ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். தீப்பெட்டி சாக்கடையில் விழுந்தது.

"ஒனக்குமா மூக்கு இல்லை?" என்று கத்தினாள்.

"எனக்கு நேத்துலேருந்தே அடிக்கிக்கா. வேற வண்டின்னு நெனச்சேன்" என்றான் இசக்கி. பிறகு என்னைப் பார்த்தான். நான் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

குனிந்து பார்த்தேன். வண்டிக்கு அடியில், ஈரத் தரையில், தட்டளவுக்கு நீலமும் ஊதாவுமாய் எண்ணெய்ப் பூச்சு மினுங்கியது. அதன் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. பதினைந்து எண்ணுவதற்குள் இன்னொன்று.

இரண்டு சிலிண்டரையும் இறக்கி ஆட்டோவில் ஏற்றினேன். வேனை நான் மட்டும் ஓட்டி வந்தேன்.

ஜூன் 9, வியாழன்

காலையில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். டேங்க்கைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டும் இரும்புப் பட்டை இருக்கிறது, அதன் ஓரத்தில் துளிர்த்துச் சொட்டுகிறது. துணியால் துடைத்து, துணி துவைக்கிற சோப்புக் கட்டியை அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. பழைய டிரைவர்கள் செய்கிற வேலை இது. சொட்டு நின்றது.

செண்பகம் அடுப்படிப் பக்கமே வேனை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்து மதில் ஓரம் கொண்டுபோய் நிறுத்தி, வேப்பமரத்தில் "பீடி, சிகரெட் கூடாது" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டாள். எழுத்து அழகாக இருந்தது.

ஜூன் 10, வெள்ளி

மறுபடி சொட்டுகிறது. சோப்பு ஒரு நாளைக்குத்தான்.

ஜூன் 11, சனி

மைதீன் பிச்சையைக் கூட்டி வந்தேன். கடையநல்லூர் ரோட்டில் ரேடியேட்டர், டேங்க் எல்லாம் பற்றவைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் பட்டையை லேசாக நெம்பினார். பட்டைக்கும் டேங்க்குக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று கறுத்துப்போய் இருந்தது. பிழிந்தால் தண்ணீர் வந்தது.

"இந்தத் துண்டு மழைத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு வச்சிருக்கு, அண்ணாச்சி. முப்பத்தாறு வருசமா தகடு ஈரத்துலயே கெடந்திருக்கு. ஓட்டை ஒண்ணுதான் தெரியுது. பட்டையைக் கழட்டினா எத்தனைன்னு தெரியும். டேங்க இறக்கணும்" என்றார்.

"வேற டேங்க் கெடைக்குமா?"

"எம்பத்தாறு மாடலுக்கா? இந்த வண்டியச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்லை. இருக்கறதத்தான் பொழைக்க வைக்கணும்."

பிழைக்க வைக்கலாம். இந்த வேன் முதலில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்சாக ஓடியது. ஏலத்தில் எடுக்கும்போது உள்ளே ஸ்ட்ரெச்சர் மாட்டுகிற கொக்கி இருந்தது. இப்போது அதில்தான் ஜல்லிக்கரண்டிகள் தொங்குகின்றன. அடுப்பு அசையாமல் நிற்க, அண்டா உருளாமல் இருக்க, எல்லாவற்றுக்கும் அளவெடுத்து நானே பலகை அடித்திருக்கிறேன். வாடகை வண்டியில் போனால் பாதிச் சாமான் நசுங்கித்தான் போய்ச் சேரும்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

ஜூன் 12, ஞாயிறு

பட்டறை லீவு. சும்மா இருந்தேன்.

ஜூன் 13, திங்கள்

டேங்க்கை இறக்கினோம். அடியில் இருக்கிற திருகைத் திறந்து பெட்ரோலை இரண்டு கேனில் பிடித்துத் தூரத்தில் வைத்தோம். பிறகு பட்டை. நான்கு போல்ட்டில் மூன்று வந்தது. நான்காவது வரமாட்டேன் என்று நின்றது. மைதீன் பிச்சை அதை ரம்பத்தால் கை வலிக்க வலிக்க மெதுவாக அறுத்தார். மெஷின் வைத்து அறுத்தால் பொறி பறக்கும். அந்த ஒரு போல்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம்.

பட்டைக்கு அடியில் மூன்று ஓட்டை. ஒன்று மிளகு அளவு. மற்ற இரண்டும் ஊசி முனை.

சாப்பிட உட்கார்ந்தால் செண்பகம், "கைய இன்னொரு தடவ கழுவிட்டு வாங்க" என்றாள். கழுவினேன். மறுபடி அனுப்பினாள். மூன்று தடவை கழுவிய கை எனக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. மார்கழியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு கொஞ்சம் மந்தம். அவ்வளவுதான். இதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 14, செவ்வாய்

இன்று முழுக்கக் கழுவுகிற வேலை. கொதிக்கிற தண்ணீரும் சோடா மாவும் ஊற்றி, உள்ளே சைக்கிள் செயின் ஒன்றைப் போட்டு, நானும் இசக்கியும் இரண்டு பக்கமும் பிடித்துக் குலுக்கினோம். நெல் புடைப்பது மாதிரி. கொட்டினால் காப்பிப்பொடி நிறத்தில் துரு.

இசக்கி, "இவ்வளவு கழுவணுமா பாய்? பெட்ரோலத்தான் எடுத்துட்டோமே" என்றான்.

மைதீன் பிச்சை வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நெறஞ்ச டேங்க் அவ்வளவு ஆபத்து இல்லப்பா. காலி டேங்க்தான் ஆபத்து. உள்ள வாடை மட்டும் நிக்கும் பாரு, அதுக்குத் தீக்குச்சி போதும். சங்கரன்கோயில்ல எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன், ரொம்ப நல்ல வேலைக்காரன். அவசரத்துல பத்த வச்சான். இப்ப அவன் சட்டைக்குப் பொத்தான் போடறது அவன் பொஞ்சாதி."

இசக்கி செயினை மறுபடி உள்ளே போட்டான். குலுக்கினோம்.

ஜூன் 15, புதன்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குப் பட்டறைக்குப் போனேன். டேங்க் கவிழ்த்து வைத்துக் காய்ந்திருந்தது. மைதீன் பிச்சைக்கு ராத்திரியிலிருந்து ஜலதோஷம். மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் ஒழுக, தோளில் துண்டோடு நின்றார். இசக்கி டீ வாங்கப் போயிருந்தான்.

"அண்ணாச்சி, டேங்க் வாயில மூக்க வச்சு நல்லா ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க. லேசா வாடை இருந்தாலும் சொல்லிரணும். எனக்கு இன்னைக்கு மூக்கு சுத்தமா வேலை செய்யல" என்றார்.

குனிந்தேன். இழுத்தேன். காற்று உள்ளே போனது. சில்லென்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"இல்லை பாய். போயிட்டு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆறு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். சாம்பார் வாசம் வந்துவிட்டதா என்று இசக்கி கேட்பான், வந்துட்டு என்பேன். நெய் உருகி மணம் வந்ததா, வந்துட்டு. ரசத்துக்குப் பெருங்காயம் போதுமா, போதும். நிறத்தைப் பார்த்தும், கொதிக்கிற சத்தத்தைக் கேட்டும், முப்பது வருடப் பழக்கத்திலும் சொல்கிற பதில் அது. பெரும்பாலும் சரியாகவே இருந்தது. டேங்க்குக்கு நிறமும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனாலும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அவர் தலையாட்டினார். கண்ணாடியை மாட்டினார். காஸ் குழாயைத் திருகினார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. இடது கையில் லைட்டரை எடுத்தார். அவர் முகம் டேங்க்கிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது.

சட்டைப் பொத்தான் போடமுடியாத அந்த மனிதர் ஞாபகம் வந்தது.

"பாய், நிறுத்துங்க!"

கத்தியது மட்டுமில்லை, பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். லைட்டர் கீழே விழுந்து உருண்டது.

"என்ன அண்ணாச்சி?"

"எனக்கு மூக்கு வேலை செய்யாது. ஒரு வாடையும் தெரியாது. டிசம்பர்லேருந்து தெரியாது. நான் சொன்னது பொய்."

அவர் காஸை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். அந்த நேரம் இசக்கி டீத் தூக்கோடு உள்ளே வந்தான். "இங்க வா. இதுல மூக்க வை" என்றார் மைதீன் பிச்சை. இசக்கி குனிந்த வேகத்தில் பின்னால் போனான்.

"யாத்தே, மூக்க எரிக்கி! உள்ள அப்படியே இருக்கு பாய்!"

மைதீன் பிச்சை ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளே இருக்கிற தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் துருச் சேறு தங்கியிருக்கும், அது பெட்ரோலைக் குடித்து வைத்திருக்கும் என்று யாருக்கோ சொல்வது மாதிரி சொன்னார். டீயை இசக்கிதான் இரண்டு பேருக்கும் ஊற்றிக் கொடுத்தான்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாதி டீ குடித்த பிறகு, "மூக்கு வேலை செய்யலன்னு சொல்ல என்ன வெக்கம் அண்ணாச்சி? எனக்கும்தான் இன்னைக்கு வேலை செய்யல. நான் சொன்னம்லா?" என்றார்.

மிச்ச டீயைக் குடித்துவிட்டு, லைட்டரைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். செண்பகம் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, எனக்கு மூக்கு போய்விட்டது என்றேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மாசி மாசம் ஒரு நாள் ஊசிப்போன தேங்காச் சட்னிய இட்லிக்கு ஊத்தி ஊத்தித் தின்னீங்க. அடுத்த தட்டுலேருந்தே எனக்குக் கொமட்டுச்சு. நீங்க நல்லாருக்குன்னு சொன்னீங்க."

"அதான் கூட வர ஆரம்பிச்சியா?"

"பின்ன? பொழுது போகாமலா?"

"ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலை?" என்று திருப்பிக் கேட்டாள். ஒரு கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "சொன்னா கரண்டியக் கீழ போட்ருவீங்களோன்னு பயம்" என்றாள். இசக்கிக்கும் தெரியுமாம். அவனாகவே கண்டுபிடித்து இவளிடம் வந்து அழுதானாம். அவன் வேறு வேலைக்குப் போகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாம். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு, நான் தாளிக்கும்போது ஒருவர் மாற்றி ஒருவர் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். நான் அவர்களுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தேன்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு லைட்டர் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீரையெல்லாம் மடியிலிருந்து கீழே கொட்டிப்போனது.

ஜூன் 16, வியாழன்

ஏழு மணிவரை தூங்கினேன். எழுப்பவில்லையே என்று கேட்டதற்கு, எழுப்ப மனசு வரவில்லை என்றாள்.

ஜூன் 17, வெள்ளி

பஸ்ஸில் கடையம் போய் ஆறுமுகநயினாரைப் பார்த்தேன். செண்பகம் வருகிறேன் என்றாள். இது நான் தனியாகச் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டுப் போனேன்.

உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். மூக்கு போனது, ஆறு மாதமாக மறைத்தது, எல்லாம். "சொதிய நான்தான் வைப்பேன். வாசம் பாக்கறது என் வீட்டம்மாவும் இசக்கியும். பால் திரியாமப் பாத்துக்கிடற பக்குவம் கையில இருக்கு. ஆனா தெரிஞ்சுக்கிட்டு நீங்க முடிவு பண்ணணும். வேண்டாம்னா நல்ல ஆளா நானே சொல்லுதேன்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்ல கலந்துட்டு நாளைக்குச் சொல்லட்டுமா மாஸ்டர்?" என்றார்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாரல் முகத்தில் அடித்தது. இந்தக் கல்யாணம் கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க முடிந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த ஆறு மாதமும் ஒவ்வொரு வேலைக்கும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் போவேன். இன்று அந்தப் பயம் இல்லை.

ஜூன் 18, சனி

நேற்றும் முந்தாநாளும் டேங்க்கை இன்னும் நான்கு தடவை கழுவியிருக்கிறார்கள். இன்று செண்பகம், இசக்கி, பட்டறைக்குப் பக்கத்துத் தையல்கடைக்காரர் என மூன்று பேரை வரிசையாக மோந்து பார்க்க வைத்தார் மைதீன் பிச்சை. மூன்று பேரும் இல்லை என்ற பிறகும் விடவில்லை. ஓட்டை இருக்கிற பக்கம் மேலே வருகிற மாதிரி டேங்க்கைச் சாய்த்து, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீரை நிரப்பினார். "உள்ள வாடை நிக்க எடமே இருக்கக் கூடாது" என்றார். பிறகுதான் பற்றவைத்தார். செண்பகம் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பித்தளை உருகி, மிளகு ஓட்டையை மூடி, மஞ்சளாகப் படர்ந்தது. சோழி மாதிரி அழகாக இருந்தது.

தண்ணீரைக் கொட்டி, டேங்க் வாயை அடைத்து, உள்ளே லேசாகக் காற்றடித்து, மேலே சோப்புத் தண்ணீர் பூசினோம். மடிப்போரத்தில் கடுகளவு ஒரு குமிழி வந்தது. யாருக்கும் தெரியவில்லை, எனக்குத்தான் தெரிந்தது. "பாய், இங்கன ஒண்ணு" என்று காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு புலனைப் புடுங்கிட்டு இன்னொண்ணக் கூடுதலாக் குடுத்துருக்கான் ஒங்களுக்கு" என்றார். மறுபடி கழுவி, மறுபடி தண்ணீர் நிரப்பி, அதையும் அடைத்தார்.

மத்தியானம் ஆறுமுகநயினார் போன் செய்தார். வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியிருக்கிறார்கள். கடைசியில் கல்யாணப் பெண்ணே தீர்த்து வைத்தாளாம். "'மறைச்சிருந்தா நாம தெரியாமச் சாப்ட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லிருப்போம். உண்மையச் சொன்ன ஆள வேண்டாம்னு அனுப்பிட்டா, பெறகு எவன்ப்பா உண்மையச் சொல்லுவான்?'னு கேட்டா மாஸ்டர். நீங்க வந்துருங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு, விஷயத்தைச் சொல்ல செண்பகத்தைத் தேடினேன். அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

ஜூன் 20, திங்கள்

டேங்க் ஏறிவிட்டது. கம்பளித் துண்டுக்குப் பதிலாக, தண்ணீர் குடிக்காத ரப்பர் பட்டை. புது போல்ட். பெட்ரோல் அளவு காட்டுகிற கருவிக்கு அடியில் புது வாசர். ஐந்து லிட்டர் ஊற்றி, வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தோம். மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தேன். பேப்பர் காய்ந்தே இருந்தது. மைதீன் பிச்சைக்குப் போன் செய்து சொன்னேன். "அல்லா காப்பாத்தினான்" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 24, வெள்ளி

மூன்று நாளாக எழுத நேரமில்லை. நேற்றுக் கல்யாணப் பந்தி குறையில்லாமல் முடிந்தது. இன்று சொதி.

தேங்காய் துருவி, மூன்று பாலும் தனித்தனியாக எடுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். மூன்றாம் பாலில் காய் வெந்து, இரண்டாம் பாலில் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் பால் இரண்டு தூக்குவாளியில் இருந்தது. ஒன்றை எடுத்து ஊற்றக் கையைத் தூக்கினேன். பார்க்க வெள்ளைவெளேர் என்று இருந்தது. செண்பகம் குனிந்து மோந்து, என் கையைப் பிடித்தாள்.

"இது வேண்டாம். ஏதோ ஒரு தேங்கா அழுகல். காறல் அடிக்கி."

முன்பென்றால் எல்லார் முன்னாலும் சண்டை போட்டிருப்பேன். வாளியைத் தள்ளிவைத்துவிட்டு, இசக்கியைப் புதுத் தேங்காய் உடைக்கச் சொன்னேன். அரை மணி தாமதமானது. புதுப் பாலை ஊற்றி, கொதி வருவதற்கு முந்தி, ஓரத்தில் நுரை கூடுகிற சமயத்தில் தீயை அணைத்தேன். அந்தச் சமயத்தை எனக்குக் கண்தான் சொல்கிறது. எலுமிச்சை பிழிந்தேன். செண்பகம் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள். கண்ணை மூடினாள். ஒன்றும் சொல்லாமல் மூடியைப் போட்டாள். நன்றாக இருந்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இஞ்சித் துவையல் தீர்ந்தேபோனது. கைகழுவிவிட்டு அடுப்படிக்கே வந்து, "யாருய்யா சமையல்?" என்றார். இசக்கி என்னைக் காட்டினான். நான் எங்கள் மூன்று பேரையும் காட்டினேன்.

ஜூன் 27, திங்கள்

திருநெல்வேலியில் மூக்கு டாக்டரைப் பார்த்தோம். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே வந்திருக்கலாமே என்று செண்பகத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நரம்பு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். தினம் இரண்டு வேளை கிராம்பு, எலுமிச்சை, ரோஜாப்பூ, தைலமர இலை நான்கையும் மாற்றி மாற்றி மோந்து பார்க்க வேண்டுமாம். அந்தந்த வாசனையை நினைத்துக்கொண்டே மோக்க வேண்டுமாம்.

காலையும் மாலையும் செய்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மூடி மறைக்காமல், நடுவீட்டில் உட்கார்ந்து செய்கிறேன்.

ஜூலை 9, சனி

காய் வாங்க மார்க்கெட்டுக்கு வேனை எடுத்துக்கொண்டு போனோம். செண்பகம் தேங்காய்க் கடையில் நின்றாள். நான் முருங்கைக்காய்க் கட்டோடு குறுக்குச் சந்தில் வந்துகொண்டிருந்தேன். திடீரென்று மூக்குக்குள் ஏதோ குத்தியது. நின்றேன். முதலில் என்னவென்றே புரியவில்லை. கட்டைக் கீழே வைத்தேன். இன்னொரு தடவை இழுத்தேன். உப்பு. வெயில். அழுகலும் அல்லாத, நல்லதும் அல்லாத, கனமான ஒரு நாற்றம்.

திரும்பிப் பார்த்தால் கருவாட்டுக் கடை.

பிறந்ததிலிருந்து சைவம் நான். அந்தச் சந்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் எனக்கு வழக்கம். இன்று கடைக்கு முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய இழுத்தேன். இரண்டு மூச்சுக்கு இருந்தது. மூன்றாவது மூச்சில் இல்லை. நான்காவதில் மறுபடி லேசாக வந்தது.

கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. கடைக்காரப் பெண் ஈ விரட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்ன வேணும் அண்ணாச்சி? நெத்திலியா, சாளையா?"

"ஒண்ணும் வேண்டாம் தாயீ. இங்கன கொஞ்ச நேரம் நின்னுக்கிடுதேன்."